கையைப் பிடித்து இழுத்து

"'மேற்படி நாளன்று' போட்டியா?"

"போட்டேன்பா."

"மேற்படிக்கு எந்த 'ற்' போட்டே?"

"சரியானதைத்தான் போட்டேன். மேல சொல்லுங்க."

அப்பா கட்டிலில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். பக்கவாதம் வந்ததிலிருந்து வாயின் வலப்பக்கம் தொங்கிப்போயிருந்தது. வழிந்ததைத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு மூத்தவள் மறுபடி பேனாவைப் பிடித்தாள். வக்கீலம்மா மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். இப்போது பதினொன்றுகூட ஆகவில்லை. இரண்டு சாட்சிக்கு ஆள் சொல்லியாயிற்று. அப்பாவின் வலது கை விளங்காததால், ரேகை வைக்க மைப்பெட்டி வாங்கிவரத் தம்பி போயிருந்தான்.

வாக்குமூலத்தை வக்கீலே எழுதிக்கொண்டு வரட்டும் என்றால் மனுஷன் கேட்கவில்லை. "வக்கீல் எழுத்துல கமாகூட ஒழுங்கா இருக்காது" என்றார். அரசாங்க அலுவலக வாசலில் முப்பத்தெட்டு வருஷம் மடக்கு மேசை போட்டு மனு எழுதினவருக்கு அந்தக் கொழுப்பு இருக்காதா? தெருவில் அவருக்குப் பெயரே மனுக்காரர்தான். குழாயில் தண்ணீர் வரவில்லையா, வேலிச் சண்டையா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லையா, மனுக்காரரைப் பார் என்பார்கள். ஊருக்கெல்லாம் எழுதினவர், பெற்ற மகளுக்கு எழுதும்போது கோட்டை விட்டார். தெரியாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. தெரிந்தே விட்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், தையல் கம்பெனியில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த மூத்தவளைச் சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். சீருடை போட்ட மூன்று பேர். பையைப் பார்க்க வேண்டும் என்று பின்னாலிருந்த அறைக்குக் கூட்டிப்போய், இரண்டு மணி நேரம் கழித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. அப்பா உடனே பேனாவை எடுத்தார். எடுத்து எழுதினது இவ்வளவுதான்: 'சோதனை என்ற பெயரில் என் கையைப் பிடித்து இழுத்து அவமானப்படுத்தினார்கள். இதை என் தந்தையிடம் கூறினேன்.'

படித்துக்காட்டாமல் எவரிடமும் கையெழுத்து வாங்காத மனுஷன், மகளிடம் "இங்க போடும்மா" என்றார். எழுத்தைப் பார்க்கிற நிலையிலா அவள் இருந்தாள்? போட்டாள்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் படைத்தரப்பு வக்கீல் இத்தனை காலம் வண்டி ஓட்டுகிறார். அன்றைக்கு வெறும் கைதான், மிச்சமெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது என்று. போன வாரம் கூண்டில் நின்றவளிடம் அந்த மனுவை நீட்டி, "இது யார் எழுத்தும்மா?" என்று கேட்டார்.

"எங்கப்பா எழுத்து."

"ஏன், உங்கப்பாவுக்கு எழுதத் தெரியாதா?"

கோர்ட்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். அவருக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னாள். இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் "பேப்பர் எடு" என்றார்.

"'என் மகள் முழுமையாகக் கூறியும், நான் அதைத் தவிர்த்து...'"

"மறைத்துப்பா."

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "சரி. மறைத்து. 'மறைத்து எழுதிவிட்டேன். உண்மையில் மேற்படி மூவரும் என் மகளை...'"

அவள் எழுதிவிட்டுக் காத்திருந்தாள்.

"என் மகளை?"

"மானபங்கம்..."

"அதுவும் கையைப் பிடிச்ச கதைதான்பா. வக்கீலம்மா தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்கல்ல."

"'சீரழித்தனர்'னு போடு."

"நான் சீரழியலை."

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "அப்ப நீயே போட்டுக்கோ. உனக்குத் தெரியும்ல. நான் ரேகை வைக்கறேன்."

"நானா போட்டா அது நான் சொன்னது. நான்தான் பதினோரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேனே. உங்க வாயால வரணும்."

"பெத்தவன் வாயில வர்ற வார்த்தையாடி அது?"

"செஞ்சவனுக்குக் கூசலை. உங்களுக்குச் சொல்லக் கூசுதா?"

அம்மா தண்ணீரும் கரண்டியுமாக உள்ளே வந்தாள். "கொஞ்சம் மூச்சு விடட்டும்டி" என்று அவர் தலையை உயர்த்திப் பிடித்துப் புகட்டினாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது.

"என் மகளை" என்று அவரே மறுபடி ஆரம்பித்தார்.

உதடுகள் இரண்டும் ஒட்டின. 'ப' சொல்லத்தான் ஒட்டினவா, இல்லை சொல்லமாட்டேன் என்று மூடிக்கொண்டனவா, கடவுளுக்கே வெளிச்சம். அவள் பேனாவைத் தாளில் ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் தெரிந்துகொண்டு கரண்டியைக் கீழே வைத்தது அம்மாதான்.

தம்பி மைப்பெட்டியோடு வந்து சேர்ந்தபோது அப்பாவின் கண்களை மூடிவிட்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியன், எதையும் சட்டென்று ஒட்டவைத்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிறவன். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். பிறகு அக்காவைத் தனியே இழுத்தான்.

"அக்கா, கை இன்னும் சூடாத்தான் இருக்கு. மிச்சத்தை நீ எழுது. காலையிலயே வெச்சுட்டார்னு சொல்லிடலாம்."

அவள் போய் அப்பாவின் இடது கையை எடுத்தாள். பெருவிரலைப் பிரித்துப் பிடித்தாள். சூடாகத்தான் இருந்தது. தம்பி மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான். அழுத்தினால் முடிந்தது. அழுத்தினால் வருகிற வியாழக்கிழமை கோர்ட்டில் அந்தச் சிரிப்பு இருக்காது.

"மூடுடா" என்றாள். "அவர் சொல்லாததை அவர் பேர்ல எழுதவா? எனக்கு அவர் பண்ணினதே அதுதான்."

கையைத் திருப்பி அவர் நெஞ்சில் வைத்தாள். வைத்த பிறகுதான் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "போயிட்டியே பாவி! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா!" என்று வாய்விட்டுக் கத்தினாள். அப்போதுதான் வாசலில் நுழைந்த அத்தை, "ஐயோ, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டானே என் தம்பி!" என்று அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியில் சேர்ந்துகொண்டாள். பின்னால் வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் எதற்குத் திட்டினாள் என்று ஒருத்திக்கும் தெரியாது.

மதியத்துக்குள் தெருவில் நாற்காலி போட்டாயிற்று. அலுவலக வாசலில் முத்திரைத்தாள் விற்கிறவர், எல்லோருக்கும் ஸ்டாம்பு மாமா, சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் சாவுக்கு உட்கார்ந்திருந்தார். "ஒரு எழுத்துப் பிசகாதய்யா அவர் கையில" என்றார். "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவராத மனுஷன்" என்றார் பக்கத்திலிருந்தவர். ஜன்னலுக்கு உள்ளே நின்ற மூத்தவளுக்கு வாயெல்லாம் கசந்தது.

சொன்னபடி மூன்று மணிக்கு வந்த வக்கீலம்மா, நாற்காலிகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். மூத்தவள் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் முக்காலியில் உட்காரவைத்துத் தாளைக் கொடுத்தாள். அம்மா குடத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"'என் மகளை'யோட நிக்குதே."

"ஆமா."

வக்கீலம்மா தாளை மடித்தார். "இது செல்லாதும்மா. கையெழுத்தும் இல்ல. வியாழக்கிழமையோட சாட்சி முடிஞ்சிடும். வேற யாராவது? முதல்ல அப்பாகிட்டதானே சொன்னீங்க? மனுவுல அப்படித்தான் இருக்கு."

"அவர்கிட்ட இல்ல" என்றாள் அம்மா. "எங்கிட்ட."

இருவரும் திரும்பினார்கள்.

"நான்தான் அவளுக்குத் தண்ணி ஊத்தினேன். ஊத்த ஊத்த எங்கிட்ட சொன்னா. அவர் குளியலறைக் கதவுக்கு வெளிய நின்னு கேட்டாரு."

"இதை ஏம்மா இத்தனை வருஷமாச் சொல்லலை?"

"என்னை யாரும் கேக்கலையே."

உண்மைதான். விசாரணைக்கு வந்த அதிகாரி அப்பாவைத்தான் கேட்டார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, படிக்காதவ" என்று அம்மாவுக்கும் சேர்த்து அவரே பதில் சொன்னார். வக்கீலம்மா கேட்கவில்லை. அதைவிடக் கொடுமை, அம்மாவை இதில் இழுக்க வேண்டாம் என்று மூத்தவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பாவம், தாங்கமாட்டாள் என்று நினைத்தாள். சொல்லாதவர் காலில் பதினோரு வருஷம் விழுந்து கிடந்தவளுக்கு, சொல்லக்கூடியவள் அடுப்படியில் இருந்தது தெரியவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியாம்மா?"

அம்மா கூடத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே போர்வைக்கு வெளியே அப்பாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"இப்பக் கேளு" என்றாள்.

மூத்தவள் புதுத்தாள் எடுத்தாள். அத்தை வாசற்படியில் வந்து நின்று, "இன்னைக்கா இந்தப் பேச்சு? பொணம் கிடக்குதடி வீட்டுல. தெருவே கேக்கும்" என்றாள்.

"கேக்கட்டும்" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை, இறக்கவும் இல்லை. "'அம்மா, மூணு பேரும்மா. ஒருத்தன் மாத்தி ஒருத்தன். துப்பாக்கியைச் சுவத்துல சாச்சு வெச்சுட்டாங்க. அதுல ஒண்ணு சரிஞ்சு விழுந்துச்சு. எந்திரிச்சுப் போய் அதை நேரா வெச்சுட்டு மறுபடி வந்தான்.' இப்படித்தான் சொன்னா."

மூத்தவளின் பேனா நின்றுவிட்டது. சரிந்து விழுந்த துப்பாக்கி எந்தத் தாளிலும் இல்லை. அவளே மறந்துபோயிருந்தாள். இப்போது சிமென்ட் தரையில் அது விழுந்த சத்தம் கேட்டது.

"என்னடி நிறுத்திட்டே? என் பொண்ணை மூணு பேரும் பலாத்காரம் பண்ணாங்க. போடு."

போட்டாள்.

தம்பி கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றான். "அம்மா, நேரமாகுதாம். எடுத்துடலாமான்னு கேக்கறாங்க."

"இருக்கச் சொல்லு. அவர் எங்க போகப்போறார்?" அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுதிட்டியா? அடுத்தது எழுது. அவ வீட்டுக்கு வந்து சேர்ந்தப்ப மணி ஆறேகால். வலது கால்ல செருப்பு இல்ல."

தம்பி வெளியே போய்ச் சொன்னான். கிளம்பலாம் என்று நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, மறுபடி விரித்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.