மீன் கண்ணும் மாப்பிள்ளையும்

பெண் வீட்டில் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. ஜெயபாலனின் கை காய்ந்தே கிடந்தது. இலையில் இருந்த மீன் தலை ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்தது.

நல்ல காரியத்துக்குச் சைவம்தான் முறை. ஆனால் பெண்ணின் அப்பா கருணாகரன் கிளேபாங் கடற்கரையில் மீன் வியாபாரி. அவர் வீட்டில் சைவம் என்றால் மீனைக் கொஞ்சம் சின்னதாக நறுக்குவது.

"கண்ணு மாப்பிள்ளைக்குத்தான்," என்று அவரே அதைத் தோண்டி வைத்தார். "வழுக்கிக்கிட்டு உள்ள போயிரும் லா."

ஜெயபாலன் இலையை விட்டு முகத்தைத் திருப்பினான். மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கிய பிறகு எல்லாருடைய வேலைக்கும் பெரிய பெயர் வந்துவிட்டது. அவனும் 'லேப் உத்தியோகம்' என்றே சொல்லியிருந்தான். உண்மையில் காஜா பெராங்கில், டாக்டர் சேதுராமனின் கண் ஆராய்ச்சிக் கொட்டகையில் எலி பிடித்துக்கொள்ளும் வேலை. சினை எலியின் வயிற்றுக் குட்டியின் கண்ணிலிருந்து விழித்திரையைக் கிள்ளி, தாயின் கண்ணுக்குள்ளேயே டாக்டர் வைத்துவிடுவார். அது அங்கே ஒட்டிக்கொண்டு வளரும். இன்று காலை பார்த்த எலியின் கண்ணுக்குள் சளிக்கட்டி மாதிரி ஒன்று. அதன்மேல் சிவப்பாய் ரத்தக்குழாய்கள். எலி பாட்டுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தது.

"சாப்புடுடா, மானத்த வாங்காத," என்று பக்கத்தில் இருந்த அத்தை இடித்தாள்.

"மன்னிச்சிருங்க மாமா," என்று ஆரம்பித்தவன் சளிக்கட்டி வரை சொல்லிவிட்டான். பேச்சை நிறுத்தினால் வாந்தி வந்துவிடும் என்ற பயம்.

கருணாகரன் மெல்லுவதை நிறுத்தினார். சம்பந்தம் எலியோடு போயிற்று என்று ஜெயபாலன் முடிவு கட்டினான்.

ரசத்தோடு நின்ற பெண் சந்திரமதி கேட்டாள். "அந்தக் கண்ணு பாக்குமா?"

"பாக்காது. மூளைக்குப் போற நரம்போட சேரல. ஆனா அடுக்கடுக்கா வளருது. அங்கங்க சுருண்டு வட்டமாயிருது."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல. இடம் மாறுனது அதுக்குத் தெரியல போல."

"அம்மா எலிக்கு வலிக்காதா?"

"மயக்க மருந்து குடுப்பாரு. முழிக்கிற வரைக்கும் நான்தான் கையில வச்சிருப்பேன். சூடு வேணும்ல அதுக்கு."

"எந்தக் கையில?"

வலது கையைக் காட்டினான். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"கழுவிட்டுத்தானே வந்தீங்க?"

"சோப்புப் போட்டு."

சந்திரமதி கரண்டியால் மீன் தலையையும் கண்ணையும் அள்ளி அப்பாவின் இலைக்கு மாற்றினாள். வேறு கரண்டியால் ஜெயபாலனின் சோற்றில் ரசம் ஊற்றினாள்.

"அப்ப நனைங்க."

நனைத்தான்.

கருணாகரன் தம் இலையில் கிடந்த கண்ணை வெகுநேரம் பார்த்தார். "எனக்கும் வேற இலை போட்டு ரசமே ஊத்தும்மா," என்றார்.

நல்ல காரியம் முறைப்படி சைவமாகவே முடிந்தது.