கண்ணாடிக் காசு

முந்நூற்று எண்பத்தாறு யூரோ நாற்பது சதம். மதிசுதன் தன் அத்தான் ஆனந்தராசாவுக்குக் கொடுக்கவேண்டிய காசு அவ்வளவு. கார் முன்கண்ணாடி மாற்றிய பில் அது. நாலு கிழமையாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிக் கிடந்தது. அதைப் பார்க்காமல் ஒருவரும் கதவைத் திறக்க முடியாது. அதற்காகத்தான் ஆனந்தராசா அதை அங்கே ஒட்டியிருந்தார். மதிசுதன் சோற்றுக்கு வருவான், கதவைத் திறப்பான், பில்லைப் பார்ப்பான், பிறகு திரும்பி, "அத்தான், ஒரு பேஸ்போல் பந்திலை எத்தினை தையல் இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்?" என்பான்.

நூற்றெட்டு இரட்டைத் தையல். கேட்டுக் கேட்டு ஆனந்தராசாவுக்கு அது மனப்பாடம். சாமிக்குச் சொல்லவேண்டிய நாலு வரி மறந்துபோன மண்டைக்குள் இந்தத் தையல் கணக்கு மட்டும் போய்க் குந்திக்கொண்டது.

மதிசுதன் அவருடைய மனைவி பிறேமாவின் கடைசித் தம்பி. முப்பத்திரண்டு வயது. பார்சல் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை. கொலோனில் வளர்ந்த மற்றப் பெடியன்கள் கால்பந்து என்று திரிந்தபோது, இவனுக்கு மட்டும் ஜெர்மனியில் நாய்கூடத் திரும்பிப் பார்க்காத பேஸ்போலில் பைத்தியம் பிடித்தது. அதையாவது ஆடினானா என்றால் இல்லை. அவன் ஆட்டத்தை எழுதுகிறவன். நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கழகம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், பார்க்க வருவது முப்பது பேர், அதில் பாதி ஆடுகிறவர்களின் தாய் தகப்பன். இவன் மேசை போட்டு இருந்து, எறிந்த பந்து ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாகப் பென்சிலால் எழுதுவான். மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றிப் புத்தகத்தை மூடுவான். சம்பளத்தில் பாதி அமெரிக்க ஆட்டங்களைப் பார்க்கக் கட்டும் சந்தாவுக்குப் போகும். மிச்ச நேரம் பொது அறிவு. எந்த நாட்டுக் கொடியில் எத்தனை நட்சத்திரம், எந்த ஆற்றுக்கு எத்தனை கிலோமீற்றர் நீளம் என்று பாத்ரூமுக்குள் இருந்துகூட வாசித்துக்கொண்டிருப்பான்.

கண்ணாடி உடைந்ததும் அந்த எழுத்தால்தான். மே மாதத்தில் ஒரு ஞாயிறு, சமோசாப் பெட்டியைக் கழகத்துக்குக் கொண்டுவந்து தரும்படி கெஞ்சி அத்தானை வரப்பண்ணினான். காரை எங்கே விட என்று கேட்டதற்கு இடப்பக்க வேலியோரத்தைக் காட்டினான். பந்து வந்து விழாதா என்று ஆனந்தராசா கேட்டார். நாலு வருசக் கணக்குத் தன்னிடம் இருக்கிறதாம், தவறி வெளியே போன பந்து ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று குறித்து வைத்திருக்கிறானாம், அந்த இடத்தில் ஒன்றுகூட விழவில்லையாம். ஆனந்தராசா நம்பினார். அந்தக் கிழமைதான் கழகத்துக்குப் புதிதாக ஓர் இடக்கை ஆட்டக்காரன் சேர்ந்திருந்தான் என்பதும், இடக்கையன் பிந்தி அடித்தால் பந்து அந்தப் பக்கம்தான் போகும் என்பதும் கணக்கில் இல்லை. நாலாவது பந்து கண்ணாடியின் நடுவில் இறங்கியது.

கண்ணாடி போனதைக்கூட ஆனந்தராசா பொறுத்துக்கொண்டிருப்பார். சத்தம் கேட்டதும் மதிசுதன் காரிடம் ஓடி வரவில்லை. முதலில் குனிந்து புத்தகத்தில் எழுதினான். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. எழுதி முடித்துவிட்டு வந்து, "நாலு வருசத்திலை முதல்தரம், அத்தான்" என்று ஏதோ பரிசு கிடைத்தவன்போலச் சொன்னான்.

'சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்' என்று கழகத்தில் பலகை இருந்தது. பழைய காருக்குக் கண்ணாடிக் காப்புறுதியும் இல்லை. தானே தருவதாக மதிசுதன் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொள்வதில் அவன் தங்கமான பிள்ளை.

ஆனந்தராசா அந்தப் பில்லைக் கட்டியது பிறேமாவின் பல்லுக்கு வைத்திருந்த காசில். அவளுக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, இரண்டு மாதமாக ஒரு பக்கத்தால் சாப்பிடுகிறாள். உறை போட நேரம் கிடைத்தது வருகிற வியாழன். காப்புறுதி கொடுத்ததுபோக, தாங்கள் கட்டவேண்டிய பங்கும் ஏறக்குறைய அதே தொகைதான். மாதத் தவணையாகக் கட்டலாம் என்று பல் வைத்தியரிடம் இருந்த பெண் சொல்லிப் பார்த்தாள். கடனுக்குப் பல் வைத்துக்கொண்டு சிரிக்கத் தன்னால் ஏலாது என்றாள் பிறேமா. வியாழனைத் தவறவிட்டால் அடுத்தது செப்ரெம்பரில்.

"செவ்வாய்க்கிழமை தாறன், அத்தான்" என்றான் மதிசுதன்.

சம்பளம் வருகிறதா என்று கேட்டார். இல்லை, வினாடி வினா வருகிறது என்றான். அவன் கிழமைதோறும் போகும் மதுச்சாலையில் கோடை விடுமுறைக்கு முந்திய கடைசிப் போட்டி. முதல் பரிசு நானூறு யூரோ. ஒரு குழுவில் மூன்று பேராவது இருக்கவேண்டும், அவனோடு வழமையாக வரும் இருவரும் விடுமுறையில் போய்விட்டார்கள். ஆகவே அக்காவும் அத்தானும் வந்து சும்மா கதிரையில் இருந்தால் போதும்.

ஆனந்தராசாவுக்கு வந்த கோபத்துக்கு எல்லையில்லை. பியர், சோடாப் பெட்டிகள் வைத்திருக்கும் களஞ்சியத்தில் விடிய ஐந்து மணிக்கு வேலை தொடங்கும் மனிதர் அவர். இருபத்திரண்டு வருசமாக நாரி பிடித்து, இடுப்பு நிமிராமல் வீட்டுக்கு வருகிறவர். தனக்கு வரவேண்டிய கடனைத் தானே போய்ப் பக்கத்தில் இருந்து வெல்லவேண்டுமாம். ஆனால் செவ்வாய் பின்னேரம் பிறேமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்குத் தொடங்கியது. வெளியில் நல்ல வெயில். நாற்பது கேள்வி. மதிசுதன் ஒவ்வொரு கேள்வி முடியுமுன்னே விடையைச் சொன்னான், சொல்லிவிட்டு அந்த விடைக்குப் பின்னால் இருக்கிற கதையையும் சொன்னான். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். பென்சிலைப் பிறேமா பறித்து வைத்துக்கொண்டாள்.

முப்பத்தெட்டாவது கேள்வி: பேஸ்போல் அணி ஒன்றில் எத்தனை ஆட்டக்காரர்?

மதிசுதனின் முகம் மலர்ந்தது. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பத்து என்று எழுதச் சொன்னான். பந்தெறிகிறவன் அடிப்பதில் சூனியம்; அவனுக்குப் பதிலாக அடிக்க மட்டும் ஒருவனை வைக்க விதி இடம் கொடுக்கிறது; அவனோடு சேர்த்தால் பட்டியலில் பத்துப் பேர். எல்லாரும் ஒன்பது என்பார்கள், அங்கேதான் மாட்டுவார்கள் என்றான்.

"கேள்வி கேக்கிறவன் ஆர்?" என்று பிறேமா கேட்டாள். "பியர் ஊத்திற மனிசன். அவனுக்கு ஒன்பதுதான் தெரியும்." ஒன்பது என்று எழுதி, தாளைக் கவிழ்த்து, அதன்மேல் முழங்கையையும் வைத்தாள்.

சரியான விடை ஒன்பது என்றுதான் வந்தது. இவர்களுக்கு முப்பத்தாறு புள்ளி, இரண்டாவதாக வந்த குழுவுக்கு முப்பத்தைந்து. ஆனந்தராசா மனதுக்குள் வியாழக்கிழமைப் பல்லைக் கட்டியே முடித்துவிட்டார்.

இரண்டாவது குழு பக்கத்து மேசை. பல்கலைக்கழகப் பிள்ளைகள். அதில் யாமினி என்று தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி, அமெரிக்காவில் ஒரு வருடம் படித்தவளாம். அவள் பத்து என்று எழுதியிருந்தாள். தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று தன் கூட்டாளிகளிடம் முணுமுணுத்தாள். அது மதிசுதன் காதில் விழுந்துவிட்டது.

"இரு. எழும்பாதை" என்றார் ஆனந்தராசா.

"அத்தான், அவ சரியா எழுதியிருக்கிறா."

"எழுதட்டும். உனக்கென்ன?"

"பிழையா இருக்கேக்கை எப்பிடி வெல்லுறது?"

எழும்பிப் போனான். உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் பியர்க் கிளாஸ் வைக்கிற மட்டைகளையும் மேசையில் அடுக்கி, நடத்துகிற மனிதருக்குக் கால் மணி நேரம் விளக்கினான். "ஆமாங்க அண்ணா, ரூல்படி டென்தான்" என்று யாமினி அவனுக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அந்த மனிதருக்கு வீட்டுக்குப் போகவேண்டும்போல இருந்திருக்கும். இரண்டு விடையும் சரி என்று கையை விரித்தார். முப்பத்தாறுக்கு முப்பத்தாறு.

பிறேமா தம்பியைப் பார்த்த பார்வை ஒன்றே போதும், பல்லே தேவையில்லை. ஆனந்தராசா கைகளால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். பைத்தியம் பிடித்த விசரனுக்குப் பொம்பிளை குடுத்த வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். விசரனின் அக்காவைக் கட்டியவன் கதையை ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

சமன் வந்தால் ஊகக் கேள்வி ஒன்று. கிட்டச் சொல்கிறவருக்குப் பரிசு. நடத்துகிறவர் ஐம்பது லீட்டர் இரும்புப் பியர்ப் பீப்பா ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார். முட்ட நிரம்பியது. காலையில் தராசில் வைத்துப் பார்த்தாராம். எத்தனை கிலோ?

மதிசுதன் கணக்கில் இறங்கினான். ஒரு லீட்டர் பியர் ஒரு கிலோவுக்கு மயிரிழை கூட, இரும்புத் தகடு மெல்லியது, நாலு கிலோ வரலாம், ஐம்பத்தைந்து.

"அறுபத்திமூண்டு" என்றார் ஆனந்தராசா, முகத்திலிருந்து கையை எடுக்காமல்.

"அத்தான், கணக்குப்படி பாத்தா..."

"உன்ரை கணக்கிலைதான்ரா என்ரை கண்ணாடி போனது. வெறும் பீப்பாவே பன்ரண்டு பதிமூண்டு கிலோ. என்ரை நாரியைக் கேள், அது சொல்லும்."

பிறேமா அறுபத்துமூன்று என்று எழுதினாள். பக்கத்து மேசை ஐம்பத்தேழு. தராசு காட்டியது அறுபத்திரண்டரை.

நானூறு யூரோவை மதிசுதனின் கையில் கொடுத்தார்கள். குழு பதிந்தது அவன் பெயரில். அவன் யாமினிக்குக் கைகொடுத்தான். பீப்பாவின் எடையைக் கொப்பியில் குறித்துக்கொண்டான். வெளியில் வந்து, கார்த் தரிப்பிடத்தில் நின்று, ஐம்பது யூரோத் தாள் எட்டையும் ஒவ்வொன்றாக எண்ணி அத்தானின் உள்ளங்கையில் வைத்தான்.

"சரியோ அத்தான்? கண்ணாடிக் காசு முடிஞ்சுது."

"இது ஆர் வெண்ட காசடா?"

"நாங்கள் வெண்டது. மற்ற முப்பத்தாறும் ஆர் சொன்னது?"

ஆனந்தராசா தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவன் சொன்னதில் பிழையும் இல்லை. அவன் எப்போதும் இப்படித்தான், மனிதனை எரிச்சலில் வேகவைக்கிற இடத்தில் நின்றுகொண்டு சரியாக இருப்பான்.

"மிச்சம் பதிமூண்டு அறுபது, அத்தான்" என்றான் மதிசுதன், கையை நீட்டியபடி. "பிறகு எண்டாலும் பரவாயில்லை."

"குடுத்துப்போட்டு வாங்கோ" என்றாள் பிறேமா காருக்குள் இருந்து. "எனக்குப் பல்லுக் குத்துது."

ஆனந்தராசா பொக்கற்றைத் துழாவி ஒரு பத்து யூரோத் தாளை எடுத்தார். சில்லறையை அந்தி வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். மூன்று யூரோ அறுபது. மைத்துனனின் கையில் கொட்டி, விரல்களை மடக்கிவிட்டார்.

"நீயும் நானும் இனிச் சரி" என்றார்.