நாற்பத்தோராம் விநாடி

லோர்னா ஹீட்பாஸ் தன் கணவன் இறந்த கதையை இருபத்திரண்டு மேடைகளில் சொல்லியிருந்தாள். இருபத்து மூன்றாவது மேடை சொந்த ஊரில் அமைந்தது. மகள் படித்த உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கம், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. தேர்தலுக்கு இன்னும் பதினோரு நாள்.

முதல் நான்கைந்து கூட்டங்களில் அவளுக்குக் குரல் நடுங்கியது. க்ரீன் பேயில் ஒன்பதாவது முறை சொன்னபோது நடுங்கவில்லை. அதன்பிறகு அந்த நடுக்கம் திரும்பி வரவேயில்லை. அவள் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். வாய் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்களிடம், "ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் சாப்பிடாதீங்க, நாக்கைக் கடிச்சாக்கூடத் தெரியாது" என்று தினமும் சொல்வாள். இப்போது மேடையில் நிற்கும்போது அவளுக்கே அப்படித்தான் இருந்தது.

கதை சிறியது. குர்ட் இருபத்தாறு வருடம் காகித ஆலையில், நான்காம் இயந்திரத்தில் வேலை பார்த்தான். ஆலையை மூடினார்கள். ஒன்பது மாதம் வேலை இல்லை. பிறகு வடக்கே இரண்டு மணி நேரத் தொலைவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்தது. பதினோராவது வாரம், பிப்ரவரி மாதத்து விடியற்காலையில், வீடு திரும்பும் வழியில் தூங்கிவிட்டான். சாலையோரம் நின்றிருந்த லாரி. போலீசார் காரிலிருந்து எடுத்துக் கொடுத்த அவனுடைய சாப்பாட்டு டப்பாவில் பாதி சாண்ட்விச் மீதி இருந்தது.

இதைச் சொல்லி முடித்ததும், "இந்த ஊர்களை மறக்காத ஒருத்தரை இப்ப மேடைக்கு அழைக்கிறேன்" என்பாள். இசை முழங்கும். கவர்னர் கையசைத்துக்கொண்டு வருவார். ஜனாதிபதி வேட்பாளர் ஆனபிறகும் அவரை எல்லோரும் கவர்னர் என்றே அழைத்தார்கள். அவர் லோர்னாவின் தோளை அணைத்து, ஒவ்வொரு முறையும் காதோரம், "நீங்க தைரியசாலி" என்பார். அவரிடம் வீசும் பெப்பர்மிண்ட் வாசனைகூட மாறியதில்லை.

இதே கதை தொலைக்காட்சியில் முப்பது விநாடி விளம்பரமாகவும் ஓடியது. கால்பந்து ஆட்டத்தின் இடைவெளிகளில், வானிலைச் செய்திக்கு முன்னால், பின்னால். மூன்று மாவட்டங்களில் மட்டும்தான். அந்த மூன்று மாவட்டங்களில் ஒருமுறை இந்தக் கட்சிக்கும் மறுமுறை அந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போட்டவர்கள் ஒன்பதாயிரம் பேர் இருக்கிறார்கள், அந்த ஒன்பதாயிரத்தில்தான் மாநிலத்தின் வெற்றி தோல்வி இருக்கிறது என்று ரெனே சொல்லியிருந்தாள்.

ரெனே கால்டர்வுட் மில்வாக்கி நகரத்துப் பிரசாரத் தலைமை அலுவலகத்தில் இருந்துகொண்டு, மேடையில் யார் எதைச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பவள். லோர்னாவைக் கண்டுபிடித்ததும் அவள்தான். சென்ற வசந்தத்தில் லோர்னா கவர்னருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். பதில் வரும் என்று நினைத்து எழுதியதல்ல. கடிதத்தின் முதல் வரி இது: 'என் கணவரை அந்த வேலைக்கு அனுப்பியது நான்தான்.'

அந்த வரி முதலில் விளம்பரத்தில் இருந்தது. அறுபது விநாடிப் படமாக எடுத்திருந்தார்கள். ஆகஸ்டில் ஒரு ஹோட்டல் அறையில் முப்பது பேரை உட்காரவைத்துக் காட்டினார்கள். எல்லோரும் இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்கள். ஒவ்வொருவர் கையிலும் வானொலிப் பெட்டியில் இருப்பதுபோல ஒரு திருகு. பிடித்தால் வலப்பக்கம் திருக வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். பக்கத்து அறையில் கண்ணாடிக்குப் பின்னால் லோர்னாவும் ரெனேயும் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் லோர்னாவின் முகம் ஓட, அதன்மேல் இரண்டு கோடுகள் ஊர்ந்தன. பச்சை பெண்களுக்கு, மஞ்சள் ஆண்களுக்கு.

நான்காம் இயந்திரத்தில் கோடுகள் ஏறின. ஒன்பது மாதத்தில் இன்னும் ஏறின. நாற்பத்தோராம் விநாடியில் திரையில் இருந்த லோர்னா, "நான்தான் அவரை அனுப்பினேன்" என்றாள். இரண்டு கோடுகளும் மாடிப்படியில் கால் தவறியதுபோல விழுந்தன. சாப்பாட்டு டப்பா வந்தபிறகும் பழைய உயரத்துக்கு வரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க, லோர்னா" என்றாள் ரெனே. "இதுவரைக்கும் அவங்க ஆலையை மூடினவங்க மேல கோபமா இருக்காங்க. இந்த இடத்துல அந்தக் கோபம் உங்க பக்கம் திரும்பிடுது. கோபத்துக்கு ஒரே வாசல்தான் இருக்கணும்."

"ஆனா அது நடந்தது."

"நடந்ததுதான். நாம பொய் ஒண்ணும் சொல்லலையே. ஒண்ணைச் சொல்லாம விடறோம், அவ்வளவுதான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டம்போட்ட சட்டை அணிந்த ஒருவர் கொட்டாவி விட்டபடி பிஸ்கட் எடுத்தார். லோர்னா சரி என்றாள்.

*

வியாழக்கிழமை மாலை மகள் மார்னி சமையலறையில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வயது இருபது. சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி வெட்டித்தரும் பகுதியில் வேலை.

"நாளைக்கு வரியா?" என்றாள் லோர்னா.

"எதுக்கு? ஒரு நாளைக்குப் பதினெட்டு தடவை டி.வி.ல பார்க்கறேன். நேர்ல பார்த்தா இன்னும் கொஞ்சம் உயரமா தெரிவியா?"

"ஊர்க்காரங்க எல்லாம் வராங்க."

"வரட்டும். இன்னிக்குக் கடையில ஒரு பொம்பள அரைக் கிலோ ஹாம் வாங்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவுது. அந்த டப்பா கதையைக் கேட்டாலே அழுகை வருதாம். எனக்குத்தான் ஒண்ணும் வரல. யாரோட அப்பாவோ செத்த மாதிரி இருக்கு."

லோர்னா பாத்திரங்களை அடுக்கினாள்.

"கவர்னருக்கு எழுதின கடிதத்தை எனக்குப் படிச்சுக் காட்டின, ஞாபகம் இருக்கா?" என்றாள் மார்னி. "முதல் வரியைப் படிச்சதும், அப்பாடா, அம்மா சொல்லிட்டான்னு நினைச்சேன். அந்த வரி எங்கம்மா?"

"வெட்டிட்டாங்க."

"அவங்க வெட்டினாங்க. நீ விட்ட."

மார்னி இரண்டாவது காலணியையும் கழற்றிச் சுவரோரம் வைத்தாள்.

"நாளைக்கு அப்பாவைத் தெரிஞ்சவங்க எல்லாம் உக்காந்திருப்பாங்க. அவங்க முன்னாடி அதைச் சொல்லு. சொல்றதா இருந்தா வரேன். இல்லைன்னா எலெக்‌ஷன் முடிஞ்சதும் ஊரை விட்டு மேடிசன் போயிடறேன். என் ஃபிரெண்டு காரா கூட ரூம் பேசி வச்சிருக்கேன்."

"மிரட்டறியா?"

"இல்லம்மா. டி.வி.ல வர்ற அந்த ஆளோட பொண்ணா இந்த வீட்டுல இருக்க முடியல. அதான்."

இதைக் கேட்டு அழுகை வரவேண்டும் என்று லோர்னாவுக்குத் தெரிந்தது. வரவில்லை. "சொல்றேன்" என்றாள். மார்னி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நாலு மணிதானே?" என்றாள்.

*

அரங்கத்தில் ஆயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள். மேடையில் பேசுகிறவருக்குப் பின்னால் கேமராவில் தெரியும்படி நிற்பவர்களை ரெனே காலையிலேயே பொறுக்கி எடுத்திருந்தாள். சீருடையில் ஒரு செவிலி, பழைய ராணுவத் தொப்பியில் ஒருவர், ஆலையின் பெயர் போட்ட ஜாக்கெட்டில் மூன்று பேர், கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தை அழுதால் மாற்றுவதற்கு இன்னொரு குழந்தையும் தயாராக இருந்தது.

முன்வரிசையில் விக் நின்றார். ஆலைத் தொழிற்சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாக் கூட்டத்திலும் அவருக்கு ஒரே வேலை. பேசுகிறவர் ஒரு வரியை முடித்து இரண்டு விநாடி நிறுத்தினால், அவர் பதாகையைத் தூக்க வேண்டும். அதைப் பார்த்துப் பின்னால் இருக்கும் தொண்டர்கள் தூக்குவார்கள். அவர்களைப் பார்த்து மொத்தக் கூட்டமும், "இனி போதும்! இனி போதும்!" என்று முழங்கும். லோர்னா எங்கெங்கே மூச்சு விடுவாள் என்பது விக்குக்கு மனப்பாடம்.

"இன்னிக்கு நம்ம ஊரு" என்றார் விக் அவளிடம். "கூரையைப் பேத்துடறேன் பாரு."

மார்னி இடப்பக்கம் ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தாள். கடைச் சட்டையோடு வந்திருந்தாள். யாரோ அவள் கையிலும் ஒரு பதாகையைக் கொடுத்திருந்தார்கள். அதை மடியில் குப்புற வைத்திருந்தாள்.

லோர்னா மேடையேறினாள். எதிரே, பேச வேண்டியதைக் காட்டும் கண்ணாடித் தகட்டில் வரிகள் நகர்ந்தன. குர்ட்டின் பெயர் வந்ததும் ஆலை ஜாக்கெட்டுகள் கைதட்டின. நான்காம் இயந்திரம். ஒன்பது மாதம். கண்ணாடியில் அடுத்ததாக, 'கடைசியில் வடக்கே ஒரு வேலை கிடைத்தது' என்று இருந்தது.

அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அந்த வேலைக்கு அவர் போக மாட்டேன்னுதான் சொன்னாரு" என்றாள். "நான்தான் அவரை அனுப்பினேன்."

இன்னும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். வார்த்தை எதுவும் இல்லை. ஒரு விநாடி போயிற்று. இரண்டாவது விநாடியும் போயிற்று.

விக் பதாகையைத் தூக்கினார்.

"இனி போதும்! இனி போதும்!"

பின்னால் நின்ற செவிலி கத்தினாள். ராணுவத் தொப்பிக்காரர் முஷ்டியை உயர்த்தினார். மரப்படிகள் அதிர்ந்தன. குர்ட்டோடு இருபது வருடம் வேலை பார்த்தவர்கள், அவன் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள், அவளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள். லோர்னா கை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். அதை வெற்றிச் சைகை என்று நினைத்து இன்னும் பலமாக முழங்கினார்கள்.

எழுந்து நின்றவர்களும் தூக்கிய பதாகைகளும் ஏழாவது படியை மறைத்தன. மார்னி தெரியவில்லை.

சத்தம் ஓய்ந்தபோது கண்ணாடித் தகட்டில் அதே வரி அவளுக்காகக் காத்திருந்தது. அவள் வாசித்தாள். பதினோராவது வாரம் வாசித்தாள். லாரி வாசித்தாள். டப்பா வாசித்தாள். கவர்னர் வந்து தோளை அணைத்தார்.

*

நடைபாதையில் ரெனே கைபேசியோடு காத்திருந்தாள். திட்டுவாள் என்று லோர்னா எதிர்பார்த்தாள்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம், எனக்கு இதயமே நின்னுடுச்சு" என்றாள் ரெனே. உடனே சிரித்தாள். "ஆனா எடுபட்டுச்சு. என்னமா எடுபட்டுச்சு! ஆகஸ்ட்ல நீங்க யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. இப்போ நீங்க அவங்க வீட்டுப் பொண்ணு. எதைச் சொன்னாலும் மன்னிச்சிடுவாங்க. நாளைக்கு ஓ கிளேர் கூட்டத்துல இதை வச்சுக்கலாம்."

"வச்சுக்கலாமா?"

"ஒரே ஒரு திருத்தம். 'அனுப்பினேன்'னு அங்கேயே விட்டுடாதீங்க. 'வேற வழி இல்லாம அனுப்பினேன்.' பாருங்க, கோபம் திரும்பச் சரியான வாசலுக்குப் போயிடும். எழுதி அனுப்பறேன்."

லோர்னா தலையசைத்தாள். வேறு வழி இருந்தது. அதை ரெனேயிடம் சொல்லலாம் என்று தோன்றியது. அதற்குள் ரெனே வேறு யாரிடமோ பேசத் தொடங்கியிருந்தாள்.

மார்னி வண்டி நிறுத்துமிடத்தில் காரில் சாய்ந்து நின்றாள். "பசிக்குது" என்றாள். வெள்ளிக்கிழமை என்பதால் ஊர் வழக்கப்படி இருவரும் மீன் வறுவல் சாப்பிட ஆற்றங்கரை உணவு விடுதிக்குப் போனார்கள்.

"வாம்மா, நட்சத்திரமே" என்றாள் அங்கே பரிமாறும் டாட் என்ற பெண். "உன் மூஞ்சியை டி.வி.ல பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சு. எங்க வீட்டுக்காரரு நீ வந்தா எந்திரிச்சு ஃபிரிட்ஜுக்குப் போயிடறாரு."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள் மார்னி.

டாட் சிரித்துக்கொண்டே இரண்டு தட்டுகளை வைத்துவிட்டுப் போனாள். வறுத்த காட் மீன், உருளைக்கிழங்கு அப்பம், கம்பு ரொட்டி, முட்டைக்கோஸ். லோர்னா முள்கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"சொன்னேன்" என்றாள்.

"கேட்டேன்."

"அவங்க கத்துவாங்கன்னு நினைக்கல."

"தெரியும். விக் கையைத் தூக்கினதைப் பார்த்தேன்." மார்னி எலுமிச்சைத் துண்டை மீன்மேல் பிழிந்தாள். "ஆனா அது நீ சொன்னது இல்லம்மா."

"எது?"

"'நான்தான் அனுப்பினேன்.' அது கடிதத்துல எழுதினது. அன்னிக்கு நீ அப்பாகிட்ட சொன்னது அது இல்ல. நான் மாடிப்படியில உக்காந்திருந்தேன்."

லோர்னா தட்டைப் பார்த்தாள். அந்த மாலை எங்கோ இருந்தது. அதன்மேல் இருபத்து மூன்று மேடைகளும், ஒரு கண்ணாடித் தகடும், பச்சைக்கோடும் மஞ்சள்கோடும் படிந்திருந்தன. தேடினாள். முதலில் குர்ட்டின் சாம்பல்நிறக் காலுறைகள் வந்தன. பிறகு தொலைக்காட்சியில் ஓடிய மீன்பிடி நிகழ்ச்சி. பிறகு அவளுடைய சொந்தக் குரல். அது உரத்த குரலாக இல்லை. அவள் அன்றைக்குக் கத்தக்கூட இல்லை.

"சோபாவுல நீ கிடக்கற இடம் குழி விழுந்துடுச்சு, குர்ட்" என்றாள், மீனைப் பார்த்துக்கொண்டே. "நீ எந்திரிச்சு எங்கேயாவது போனாத்தான் அது மேல வரும்."

பக்கத்து மேசையில் யாரோ பீர் கேட்டார்கள்.

"அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?" என்றாள் மார்னி. சோதிப்பவளைப்போலக் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. டி.வி.யை அணைச்சாரு. அந்த அட்டைப்பெட்டி கம்பெனி போன் நம்பர் எங்கேன்னு கேட்டாரு."

"ஆமா" என்றாள் மார்னி. "அதுதான்."

லோர்னா காத்திருந்தாள். உள்ளே ஏதாவது உடையும் என்று நினைத்தாள். உடையவில்லை. நாக்கின் ஓரத்தில் மட்டும், மருந்தின் வேகம் குறையும்போது வருவதுபோல, மெல்லிய ஒரு குறுகுறுப்பு.

"நாளைக்கு ஓ கிளேரா?" என்றாள் மார்னி.

"ஒன்பது மணிக்கு வண்டி வருது."

"இதை அங்கே சொல்வியா?"

"மாட்டேன்."

"சொல்லாதே" என்றாள் மார்னி. ரொட்டியைப் பிய்த்து வெண்ணெய் தடவினாள். "காராகிட்ட வரேன்னு இன்னும் உறுதியா சொல்லல. பார்க்கலாம். சாப்பிடு, ஆறிடும்."

லோர்னா ஒரு துண்டு மீனை வாயில் போட்டுக்கொண்டு, கவனமாக மென்றாள்.