இருபத்து நாலு ஷாட்

நவநீதகிருஷ்ணன் இரண்டு பெட்டிகளையும் கண்ணாடி மேசைமேல் வைத்ததும் ஜாஸ்பின் முதலில் பார்த்தது அச்சைத்தான். நீலப் பெட்டியில் வெள்ளிப் பூச்சு ஓரம் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சுப் பெட்டிக்கு மேட் லேமினேஷன்; நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தாள், தடம் விழவில்லை. இரண்டும் நல்ல வேலை. சிவகாசியில் இருபது வருசமாகப் பட்டாசுப் பெட்டிகளுக்கு டிசைன் போடுகிறவள் அவள். முழங்கால் உயரம் பூக்கிற புஸ்வாணத்துக்குப் பனைமர உயரத்தில் தீப்பொறி வரைந்து கொடுத்திருக்கிறாள். அதனால் பெட்டியின் முன்பக்கத்தை நம்புகிற பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. இரண்டையும் திருப்பி வைத்துப் பின்பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தாள்.

"இது எத்தன ஷாட்?" என்று கேட்டார் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த சிவபாண்டி.

கம்ப்யூட்டர் கடைக்காரன் நவநீதகிருஷ்ணன் முழித்தான். "ஷாட்டா அண்ணாச்சி?"

"அதாம்ப்பா, நம்பர் போட்டிருக்குல்ல."

"அது கோரு அண்ணாச்சி, ப்ராசஸருக்குள்ள கணக்குப் போடுற மூளை. நீலத்துல இருபத்து நாலு கோரு, இப்பத்தான் புதுசா எறங்கியிருக்கு. ஆரஞ்சுல பதினாறு."

"அப்ப இருபத்து நாலு ஷாட்டு. அதுக்குப் பில்லப் போடு."

சிவபாண்டிக்கு அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி. பேன்சி ரகம்தான் அவருடைய பேர். ஒரே பெட்டிக்குள் குழாய்களை அடுக்கி, ஒரு திரியில் பற்றவைத்தால் ஒவ்வொன்றாக வானத்துக்குப் போய் வெடிக்கிற ரகம். முப்பது ஷாட்டில் ஆரம்பித்தவர் அறுபதுக்குப் போனார், நூற்றிருபதுக்குப் போனார். ஒவ்வொரு நம்பருக்கும் அவர் வீட்டில் ஒரு மாடி ஏறியது. பெட்டியில் பெரிய நம்பர் இருந்தால் சரக்கு நகரும் என்பதை அவர் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இந்த வருசம் அவர் ஒரு புது யோசனை வைத்திருந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் க்யூஆர் கட்டம் அடிப்பது. போனைக் காட்டினால் அந்தப் பட்டாசு எப்படி வெடிக்கும் என்று வீடியோ ஓட வேண்டும். நிஜமாகவே வெடித்துப் படம் எடுத்தால் பாதிப் படம் புகையாக இருந்தது. புது ரகங்களுக்கோ இன்னும் மருந்தே அடைக்கவில்லை. கிராபிக்ஸில் செய்தால்தான் ஆகும். சென்னை ஸ்டுடியோ ஒன்று அவர் பின்னாலேயே அலைந்தது. ஆனாலும் ஜாஸ்பினிடம்தான் ஆர்டரைக் கொடுத்தார். புதுக் கம்ப்யூட்டர் மிஷின் வாங்குவதற்கு அட்வான்ஸும் தந்தார். ஆடிப்பெருக்குக்கு டீலர்கள் வரும்போது எல்லா ரகத்துக்கும் வீடியோ தயாராக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் பேச்சு. ஜாஸ்பினின் பழைய மிஷின் ஒரு வாண வெடியின் புகை எப்படிச் சுருளும் என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆடிக்கு முடியாவிட்டால் வீடியோ சென்னைக்குப் போகும். வீடியோ போகிற இடத்துக்கே அடுத்த வருசம் அட்டை டிசைனும் சேர்ந்து போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். இருபது வருசத்து வேலை இப்போது இந்த மேசைமேல் இரண்டு பெட்டிக்கு நடுவில் நின்றது. நாற்பத்தைந்து வயசுக்குமேல் வீடியோ பார்த்துப் பார்த்தே இந்தப் புகைக் கணக்கைக் கற்றுக்கொண்டவள். மிஷினைத் தேர்ந்தெடுக்கவும் தன்னால் முடியும் என்றுதான் வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன்," என்றாள். "உங்க நூத்திருபது ஷாட்டப் பிரிச்சுப் பாத்தா எல்லாக் குழாயும் ஒரே சைசாவா இருக்கும்?"

"அதெப்படி இருக்கும்? கடைசிப் பத்துதான் பெரிசு. மத்ததெல்லாம் சன்னக் குழாய்."

"இதுவும் அப்படித்தான். இருபத்து நாலுல எட்டுதான் பெரிசு. பாக்கி பதினாறும் சன்னம். ஆரஞ்சுல இருக்கிற பதினாறும் பெரிய குழாய்."

சிவபாண்டி கடைக்காரனைப் பார்த்தார். அவன் பாதி தலையாட்டினான். "அக்கா சொல்றது சரிதான் அண்ணாச்சி. ஆனா அந்தச் சின்னது ஒண்ணும் சும்மா கெடக்காது, அதுவும் நல்லா உழைக்கும்."

"அதோட ஆரஞ்சு என்கிட்ட இருக்கிற மதர்போர்டுலயே உக்காந்துரும்," என்றாள் ஜாஸ்பின். "நீலத்துக்குப் போர்டும் புதுசு வாங்கணும். மிச்சப்படுறதுல மெமரி கூடப் போட்டுக்கிடலாம். புகைக்கு மெமரிதான் சாப்பாடு."

இதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். சிவபாண்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் பேச்சு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

"தங்கச்சி, நீ குழாயைத்தான் எண்ணியிருக்க. வானத்தப் பாக்கல. நானும் பெரிய குழாய மட்டும் அடுக்கி ஒரு சீசன் போட்டேன். ஒண்ணு வெடிச்சு அடுத்தது கெளம்புறதுக்குள்ள வானம் கருகருன்னு நிக்கி. வேடிக்க பாக்கிறவன், சரி முடிஞ்சுபோச்சுன்னு வீட்டுக்குள்ள போயிட்டான். சன்னக் குழாய்தான் அந்த நடுவெளிய ரொப்பும். என்னத்தப் பெரிசு சிறுசுன்னு பேசுத."

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. படம் உருவாகும்போது திரை சின்னச் சின்னக் கட்டங்களாகத்தான் நிரம்பும். சின்ன கோரும் தன் பங்குக்கு ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு போய் முடித்துவிட்டு வரும். பெரியதுதான் உசத்தி என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு வாரமாக அவள் பார்த்த வீடியோக்களில் டெல்லிக்காரன் ஒருவன், கோயம்புத்தூர்க்காரன் ஒருவன், இன்னும் யார் யாரோ கோடு கோடாகப் படம் போட்டுக் காட்டினார்கள். இதற்கு அது பத்து சதம் கூட, அதற்கு இது எட்டு சதம் கம்மி என்றார்கள். எல்லாம் அவள் விளையாடாத கம்ப்யூட்டர் விளையாட்டுகளை வைத்துப் போட்ட கணக்கு. அவளுடைய புகையை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

"சாம்பிள் போட்டுப் பாத்துருவோம்," என்றாள்.

நவநீதகிருஷ்ணனுக்கு அது விளங்கவில்லை. சிவபாண்டிக்கு விளங்கியது; நிமிர்ந்து உட்கார்ந்தார். சாம்பிள் வெடிக்காமல் சரக்கு எடுக்கிற டீலர் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் விருதுநகர் கம்ப்யூட்டர் கடையில் அதை யாரும் கேட்டதில்லை.

"அக்கா, பெட்டி சீல உடைச்சா அது பழசுக்கா. நான் யார் தலையில கட்டுவேன்?"

"ரெண்டுல ஒண்ண இன்னைக்கே எடுத்துக்கிடுதேன். இன்னொண்ண நீங்க டெமோன்னு வச்சுக்கோங்க. நாளைக்கு வர்றவனும் கேப்பான்ல."

அவன் சிவபாண்டியைப் பார்த்தான். "உடைப்பா," என்றார் அவர். "நான் எம்புட்டு உடைச்சிருக்கேன்."

போர்டைத் தவிர மற்றதெல்லாம் ஒரே மாதிரியான இரண்டு மிஷின்களை அவன் மேசையில் பூட்டினான். ஜாஸ்பின் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். அதில் சிவபாண்டியின் நூற்றிருபது ஷாட், 'மயிலாட்டம்' என்று பேர் வைத்திருந்த ரகம், வெடிப்பும் புகையுமாக இருந்தது. அதில் ஒரு துண்டை மட்டும் இரண்டிலும் ஒன்றாக ஓடவிட்டார்கள். கருப்புத் திரையில் கட்டங்கள் முளைத்தன. பச்சை ஒரு கட்டம், தங்கம் ஒரு கட்டம், சாம்பல் நிறப் புகை நாலைந்து கட்டம். டீ வந்து, குடித்து, டம்ளரைக் கீழே வைக்கும்போது நீலம் முடித்துவிட்டது. ஆரஞ்சு பின்னாலேயே வந்து நின்றது. அதிக வித்தியாசம் இல்லை, ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தான்.

"சன்னக் குழாய்," என்றார் சிவபாண்டி. அந்த இரண்டு வார்த்தைதான் ஜாஸ்பினுக்குச் சுருக்கென்றது.

நவநீதகிருஷ்ணன் பில் புத்தகத்தை இழுத்தான். ஜாஸ்பின் தோளைக் குறுக்கி, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வைகாசி மாசம், மதியம் நெருங்குகிற நேரத்தில், தனக்குக் குளிருகிறது. தலைக்குமேல் கடையின் ஏசி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேலை பார்க்கிற அறை சிவகாசியில் ஒரு அச்சகத்தின் மொட்டைமாடியில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. ஏசி போடலாமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். கீழே அச்சு மிஷின் ஓடும்போது ஒயர் லோடு தாங்காது என்று அச்சகக்காரர் கையை விரித்துவிட்டார். அந்த அறையில் இந்நேரம் மவுஸைத் தொட்டால் சுடும்.

"பில்லக் கொஞ்சம் நிறுத்துங்க தம்பி," என்றாள். "இது ஏசியில போட்ட சாம்பிள்."

"என்னக்கா இது. ரிசல்ட்டுதான் கண்ணு முன்னால நிக்கிதே."

"ரெண்டும் ஓடும்போது எம்புட்டு கரண்டு இழுத்துச்சுன்னு பாத்தீகளா? நீலம் கூட இழுக்குது. அம்புட்டும் சூடாத்தான வெளிய வரும். எங்க அறையில அந்தச் சூடு எங்க போகும்? சூடு தாங்காட்டி அதுவே வேகத்தக் கொறச்சுக்கிடும். அப்ப இருபத்து நாலு எத்தனையா நிக்குமோ யாரு கண்டா." பிறகு சிவபாண்டி பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, போன வருசம் தூத்துக்குடி டீலருக்கு என்ன பண்ணீக?"

சிவபாண்டியின் கை கண்ணாடிக்குப் போனது. அச்சங்குளத்துக் காய்ந்த தரையில் மணிமணியாக வெடித்த சரக்கை நம்ப மாட்டேன் என்றிருக்கிறார் அந்த டீலர். கடற்கரைக் காற்றில் ஈரம், திரி நமுத்துப்போகும் என்பது அவர் பயம். சிவபாண்டி பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு போய், ஒரு வாரம் அங்கேயே கிடக்க வைத்து, அந்த ஊர் மணலிலேயே பற்றவைத்துக் காட்டிவிட்டு ஆர்டரோடு வந்தார். அந்தக் கதையை ஜாஸ்பினிடம் மட்டுமே நாலு முறை சொல்லியிருப்பார்.

"வெடிக்கிற ஊர்லதான் சாம்பிள் போடணும்னு சொன்னது யாரு?"

"நாந்தான்," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. சொந்தக் கையால் செய்த வெடி தன் பக்கமே திரும்பி வந்ததைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார். "சரி தங்கச்சி. ஆரஞ்சு தோத்துச்சுன்னா?"

"நீலத்தையே எடுத்துக்கிடுதேன். போர்டும் சேத்து. ஆரஞ்சு ஜெயிச்சா ஆடி முடியிற வரைக்கும் மிஷினப் பத்தி நீங்க ஒரு வார்த்த பேசக்கூடாது."

"ஆடி முடியிற வரைக்குமா? அது ரொம்பப் பெரிய தண்டனைல்ல." சிரித்துக்கொண்டே எழுந்தார். "ஏப்பா, ரெண்டையும் கார்ல ஏத்து. நீயும் வா."

"அண்ணாச்சி, கடைய யாரு பாக்கிறது?"

"பூட்டிட்டு வாப்பா. இந்த வெயில்ல எவன் கம்ப்யூட்டர் வாங்க வரான்?"

நவநீதகிருஷ்ணன் ஒரு மானிட்டரை மடியில் வைத்து, இன்னொன்றைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடி பின்சீட்டில் உட்கார்ந்து வந்தான். ஆமத்தூரைத் தாண்டும்போது ரோடு பாதரசம் ஊற்றிய மாதிரிப் பளபளத்தது. ஜாஸ்பின் மனசுக்குள் நீலத்தையும் ஆரஞ்சையும் எந்தப் பக்கமும் சாயாமல் எடைபோட்டுப் பார்த்தாள். தோற்றால் நீலம்; அதிலும் ஆடிக்குள் முடித்துவிடலாம், போர்டு செலவு கூடும், மெமரியில் கை கடிக்கும், அவ்வளவுதான். ஆனால் தான் சொன்னது தவறிப்போனால் இனி அட்டையில் எந்த நிறம் போடலாம் என்பதுவரை அவர் எண்ணிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அதுதான் விஷயம். அதற்காகத்தான் அவள் இந்த வெயிலில் இவர்களை இழுத்துக்கொண்டு வருகிறாள்.

அச்சகத்தில் காலண்டர் தாள் ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படி முழுக்க மை வாடை. கதவைத் திறந்ததும் அறை அடுப்பு மாதிரி முகத்தில் அடித்தது. நவநீதகிருஷ்ணன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, "அக்கா, இங்கனயா இருபது வருசம் இருக்கீக?" என்றான்.

"மொதப் பத்து வருசம் கூரை சிமெண்ட் சீட்டு. இப்பத்தான் தகரம் போட்டு வசதியாயிருக்கு."

அவன் இரண்டு மிஷின்களையும் ஜன்னலோரம் மாட்டினான். பேன் எப்போதும் ஓடுகிற வேகத்தில் ஓடட்டும், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்றாள் ஜாஸ்பின். ஜன்னலும் பாதிதான் திறந்திருக்கும், தாள் பறக்கும் என்பதால். எல்லாம் வேலை நாள் மாதிரியே இருந்தது. இந்த முறை ஒரு துண்டு மட்டும் ஓட்டவில்லை. மயிலாட்டத்தை முதல் குழாயிலிருந்து கடைசிப் பெரிய குழாய்வரை முழுசாகப் போட்டாள். சிவபாண்டியின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணாடிக்குமேல் சொட்டியது. துடைக்க மறந்து திரையையே பார்த்தார்.

இரண்டு கீபோர்டிலும் கையை வைத்து ஒரே நேரத்தில் தட்டினாள். தட்டிய மறுகணம் இரண்டு எட்டு பின்னால் வந்து நின்றாள். திரும்பிப் பார்த்தால் சிவபாண்டியும் சுவரோரம் ஒதுங்கியிருந்தார், ஒரு கை வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தது. விருதுநகர்க்காரனும் இவர்களைப் பார்த்துவிட்டு எதற்கு என்று தெரியாமலே கதவுவரை நகர்ந்திருந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. கீழே அச்சு மிஷின் தடதடத்தது. நீலத்தின் காற்றாடி மெல்ல ஏறி, இன்னும் ஏறி, கூவ ஆரம்பித்தது. இரண்டு கருப்புத் திரையிலும் ஒரே ஓரத்தில் ஒரே நேரத்தில் முதல் கட்டம் பச்சையாகப் பற்றிக்கொண்டது. மூன்று பேரும் விலகி நின்ற இடத்திலிருந்து அசையாமல், வானத்தைப் பார்க்கிற மாதிரியே, தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.