லேப்டாப்பைக் கவிழ்த்தபோது

கர்ர்ர்ர்... லேப்டாப்பின் வயிற்றுக்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம், மாவு மில்லில் கல் சிக்கியதுபோல. பானுமதி பதறிப்போய் பட்டனை அழுத்தி அணைத்தாள், அணைத்த பிறகும் உள்ளே ஏதோ ஒன்று இரண்டு சுற்று சுற்றி, நறுக்கென்று கடித்துவிட்டு நின்றது... என்ன அது, கரப்பானா? செத்ததா, உயிரோடு இருக்கிறதா? நினைத்ததுமே விரல்களைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளின் போட்டோ அத்தனையும் இதற்குள்தான், மாதாவும் சூசையப்பரும் ஆட்டுக்குட்டிகளும், சாயங்காலத்துக்குள் சென்னைக் கடைக்கு அனுப்பியாக வேண்டும். முதலாளி கோவிந்தராசுவுக்குப் போன் போட்டுச் சொன்னாள், மங்கலம்பேட்டையிலிருந்து கிளம்பிவிட்டேன், அரை மணியில் வந்துவிடுவேன் என்றார், அதோடு விட்டாரா, யார் கை வச்சதுன்னு எனக்குப் பேரு வேணும், அந்த ஆளு நாளையிலேர்ந்து கம்பெனிக்குள்ள வரக்கூடாது... பேர்தானே, சொல்கிறேன், அரை மணி நேரம் எதற்கு, இப்போதே தெரியும்.

பழைய பேப்பரை விரித்து, லேப்டாப்பைத் திறந்தபடியே கவிழ்த்து முதுகில் தட்டினாள். சீ... முதலில் மண் தூள், இந்த ஊர் சிராமிக் கம்பெனியில் சோற்றிலும் அதுதான் விழும், போகட்டும், பிறகு ஒரு பொரி, அதை இழுத்துக்கொண்டு வரிசையாக எறும்புகள், காய்ந்த சந்தனத் துண்டு ஒன்று, அதில் ஒட்டிய ஒரு முடி. சந்தனம் யார் வைத்தது, பாஞ்சாலைதான், போன வாரம் ஆயுத பூசையன்று சூளைக் கதவுக்கும் பொம்மை அச்சுகளுக்கும் பொட்டு வைத்த அதே ஈரக்கையால் இதற்கும் மூன்று விரலை இழுத்தாள், இதுவும் வேல செய்யுற சாமான்தான மேடம் என்று வேறு சொன்னாள், முதலாளியும் சிரித்துக்கொண்டே பொரித் தட்டைத் தூக்கி இதன் மேலேயே வைத்தார். சாமி விஷயம், வாயைத் திறக்க முடியுமா? அன்று சாயங்காலமே காய்ச்சல் என்று போனவள் நாலு நாள் கழித்து இன்று காலையில்தான் வந்திருக்கிறாள், களிமண் கரைசல் ஊற்றுகிற கையோடு ஆபீஸையும் கூட்டுகிறவள் அவள் ஒருத்திதான், வேறு யார் இந்த மேசைப் பக்கம் வருகிறார்கள்?

இன்னொரு தட்டு. பேப்பரில் எண்ணெய்க்கறை படர, சிக்கு வாடையோடு முறுக்குத் துணுக்குகள்... ஓ, அதுவும் நடக்கிறதா, நான் கிளம்பியதும் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் டிராயரில் இருக்கும் முறுக்கை எடுத்துத் தின்பது, அப்படியா சேதி? கடைசியாக உதிர்ந்ததைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். நகம். பிறை பிறையாக, ஒன்றிரண்டா, ஏழெட்டு, பல்லால் பிய்த்த நகங்கள், ஓரத்தில் எச்சில் காய்ந்த பழுப்பு. இதன் மேலா நான் தினமும் விரலை வைத்துத் தட்டினேன், அதே விரலை... அவள் விரலை வாயிலிருந்து எடுத்தாள், எடுத்துச் சுடிதாரில் தேய்த்தாள், எப்போது வாய்க்குப் போனது? பதற்றத்தில் எல்லாருக்கும் போவதுதான். நகத்தைக் கடித்து அடுத்தவர் சாமானுக்குள் துப்புகிறவளுக்குப் பாவம் பார்க்க முடியாது, வீட்டுக்காரன் இல்லாதவள், இரண்டு பெண்பிள்ளைகள், எல்லாம் சரி, அசிங்கம் அசிங்கம்தானே?

“பாஞ்சாலக்கா, இங்க வாங்க!”

வந்தாள். பொம்மை வார்க்கும் கொட்டகையிலிருந்து அப்படியே, இரண்டு கையிலும் வெள்ளைக் கரைசல் சொட்டச் சொட்ட. அச்சில் களிமண் கரைசலை ஊற்றி, ஓரத்தில் கெட்டியாகப் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துத் தட்டி வடிப்பது, பதினெட்டு வருடமாக அவளுக்கு அதே வேலை. பேப்பரைக் குனிந்து பார்த்தாள். பானுமதி அவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள், வழியும் வெள்ளைக்கு நடுவே அந்த விரல் நுனிகள்... நகமே இல்லை, மண்ணும் ஈரமும் தின்று சதையோடு சதையாகத் தேய்ந்து, கடிப்பதற்குப் பல்லில் அகப்படாத விரல்கள். அப்படியானால் இது யாருடைய... வெளியே முதலாளியின் பைக் வந்து நின்றது. பெயரைக் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். பானுமதியின் கட்டைவிரல் மறுபடியும் உதட்டுக்கு வந்திருந்தது.

“அய்ய, நாலே நாள்ல இவ்ளோ சேந்துப்போச்சா மேடம்? தெனமும் நீங்க வூட்டுக்குப் போனப்புறம் அச்சக் கவுத்துற மாதிரி இதக் கவுத்து, ஒங்க முறுக்கு, நகம் எல்லாத்தையும் தட்டிட்டுத்தான் நான் கெளம்புவேன், காய்ச்சல்ல கெடந்தேன்ல, அதான்.”