வாய்தாவில் நின்ற பிரசவம்

வெல்டரின் மனைவி எட்டு வருடம் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தாள். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. கோர்ட்டில் தடை உத்தரவு இருந்தது.

அப்பா விட்டுப்போனது ஒரு மனை, அதில் இரண்டு அறை வீடு ஒன்று. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் மரக்கடை வைத்திருந்தார், இளையவனுக்கு வெல்டிங் பட்டறை. மனை முழுக்க உனக்குத்தான் என்று அப்பா தன்னிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதாக மூத்தவர் சொன்னார். அதே வாயால் தன்னிடம் வேறு சொன்னதாக இளையவன் சொன்னான். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. தம்பி வீட்டின் முன்சுவரைப் பூசுகிறான் என்று காதில் விழுந்ததும் மூத்தவர் ஒரு வக்கீலைப் பிடித்தார். வீடு காலியாகக் கிடக்கிறது, தம்பி பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறான் என்று மனுவில் எழுதினார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒரு வருடமாக அந்தத் தெருப்பக்கம் போகாதவருக்கு, தம்பி பெண்டாட்டியோடு அங்கே குடிவந்தது தெரியாது. நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள், சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரத்தில், நீதிபதி ஒரு தரப்பை மட்டும் கேட்டார். மறு உத்தரவு வரும்வரை அந்த மனையிலும் அதன் மேலுள்ள எதிலும் இருக்கிற நிலை மாறக் கூடாது என்று கையெழுத்துப் போட்டார். மற்றத் தரப்பை எந்தத் தேதியில் கேட்பது என்று போடவில்லை. பசி.

கோர்ட் அமீனா சாயங்காலம் வந்து, கதவைத் தட்டாமல், ஈரம் காயாத முன்சுவரில் உத்தரவை ஒட்டிவிட்டுப் போனார். உள்ளே வெல்டரின் மனைவிக்கு அப்போதுதான் முதல் வலி எடுத்திருந்தது. வலி பாதி ஏறி அங்கேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மனை உத்தரவுக்கு முழுதாகக் கட்டுப்பட்டது. சுவர் காயவில்லை. கொல்லை எலுமிச்சையில் காய் பழுக்கவில்லை. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்காததால் வெல்டர் சாப்பாட்டைக் கடையில் வாங்கிவந்தான். பேச்சும் நடமாட்டமும் உத்தரவில் சேரவில்லை போலும், அவை நடந்தன. அவன் நாளில் பாதி நேரம் பட்டறையில் இருந்ததால் பாதி வேகத்தில் நரைத்தான். அவள் நகம்கூட வெட்டவில்லை, தேவைப்படவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்த டாக்டரம்மா, தெருவுக்கு வந்தால் ஒரு மணி நேரத்தில் பிரசவம் ஆகிவிடும் என்றார். வெல்டரின் வக்கீல் கூடாது என்று தலையை ஆட்டினார்.

"வீடு காலின்னு உங்க அண்ணன் எழுதிக் குடுத்திருக்காரு. காலி இல்லங்கறதுக்கு இவங்கதான் சாட்சி. இவங்க ஒரு கால வெளிய வச்சா, அவரு ரெண்டு காலையும் உள்ள வச்சிடுவாரு."

முடிவை அவளே எடுத்தாள். "புள்ள பொறந்தா படுக்க வைக்க எடம் வேணுமில்ல," என்றாள்.

வெல்டரின் பதில் மனு போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு வாய்தாதான். ஒரு நீதிபதி மாற்றலாகிப் போனார், ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டினார். நடுவில் ஒருநாள் மூத்தவர் இருமிக்கொண்டே வேலியோரம் வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னும் வலிக்குதா?"

"அப்படியேதான் இருக்கு மாமா. நீங்கதான் எளைச்சுட்டீங்க."

"வாபஸ் வாங்கிடலாம்னுதான் பாத்தேன். வாங்கினா மனை போச்சுங்கறான் எங்க வக்கீலு."

"எங்க வக்கீலும் அதேதான் சொல்றாரு. ரெண்டு பேரும் ஒரே கடையில டீ குடிக்கறாங்களாம்."

மூத்தவர் சிரித்தார், இருமினார், போய்விட்டார்.

எட்டாவது வருடம் வந்த நீதிபதி அதிகம் பேசாத பெண். கட்டை முழுக்கப் படித்துவிட்டு, எதிர்த்தரப்பை எப்போது கேட்டீர்கள் என்று கேட்டார். உத்தரவைச் சுவரில் ஒட்டியாயிற்று என்று குமாஸ்தா சொன்னார். "ஒட்டினீங்க. கேட்டீங்களா?" என்றார் நீதிபதி. மறுநாள் அவர் தெருவில், வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே போட்டால் தன் கடிகாரமும் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வெல்டரின் மனைவி சொல்ல வேண்டியதை எட்டு வருடமாக மனதில் அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் வந்தது கொஞ்சம்தான். "வலி எடுத்த அன்னிக்கு ஒட்டினாங்க. உள்ள ஆள் இருக்கான்னு யாரும் கேக்கல."

மூத்தவர் எழுந்து, சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்றார்.

"உங்களுக்குத் தெரியாதத சொல்லத்தான் அவங்க இருந்தாங்க," என்றார் நீதிபதி. பிறகு அவரையும் கடைசிவரை பேசவிட்டார். அப்பா சொன்னது, எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது, எல்லாம். வெல்டருக்கும் அதே அளவு நேரம் கொடுத்தார். மனை யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அது விசாரணையில் வரும் என்றார். பழைய உத்தரவு ஒரு காதால் மட்டும் கேட்டுப் போட்டது, அது இனி இல்லை. தீர்ப்பு வரும்வரை இருவரும் விற்கவோ கட்டவோ கூடாது. குடியிருக்கலாம், வெளியே போகலாம், வரலாம். வெளியே போவதால் யாருடைய உரிமையும் போகாது.

கடைசி வாக்கியம் முடியுமுன் நின்ற வலி மீதி தூரத்தை ஏறியது. கொல்லையில் எலுமிச்சைகள் மொத்தமாக விழும் சத்தம் கேட்டது. தெருவில் இருந்த ஒரே வண்டி மூத்தவரின் மர லாரி. அவர் முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறும்மா, திட்டறதெல்லாம் அப்புறம் திட்டிக்கலாம்," என்றார். தம்பி பின்னால் பலகைகளின் மேல் ஏறிக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் பெண் பிறந்தது, சரியான எடையில். மூத்தவரும் வெல்டரும் அங்கேயே மனையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். குழந்தை அழுகையை நிறுத்தி, பேசுகிறவர் பக்கம் மாறி மாறித் தலையைத் திருப்பியது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா அன்று அண்ணனும் தம்பியும் அதே லாரியில் போய்வருகிறார்கள், வழியெல்லாம் சண்டைதான். பெண் நடுவில் உட்கார்ந்து கேட்கிறாள். வீட்டின் முன்சுவர் காய்ந்துவிட்டது, உத்தரவு ஒட்டிய இடம் தவிர. அந்த இடம் கை வைத்தால் இன்றும் ஈரமாகத்தான் இருக்கிறது. வீட்டில் யாரும் அதில் சாய்வதில்லை.