குப்பிக்குள் வளர்ந்த ஒட்டகம்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மைத்துனியின் அழுகையிலிருந்து கிடைத்தது. அவள் எங்கள் சமையலறையில் நின்று அழுதாள். என் மனைவி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் பேனா தேடினேன். இருபது வருஷமாக வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவனுக்கு வேறு புத்தி வராது.

மனைவிக்குத் தசை நோய். பிறவியிலேயே கூட வந்தது, அவசரப்படாமல் தின்கிறது. அவளுடைய கூடப்பிறந்தவள் அதே நோயை ஆராயும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கதை அவளுடையது. இனி அவள் ‘தங்கை’. என் மனைவி ‘அக்கா’. நான் கதையில் கிடையாது.

(இருக்கீங்க. எல்லாத்துலயும் மூக்கை நுழைப்பீங்க.)

அடைப்புக்குறிக்குள் இப்படி வருபவை மனைவியுடையவை. கைப்பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறாள். அழிக்கக்கூடாது என்பது ஒப்பந்தம்.

2.

முதல் தொடக்கம்: *கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது. தங்கையின் விரல்கள் உறைந்தன. யாரோ அந்தக் குப்பியை*

நிறுத்திவிட்டேன். தங்கையிடம் படித்துக் காட்டியதும் அவள் சிரித்த சிரிப்பில் மேற்கொண்டு எழுத வரவில்லை.

“அத்தான், அங்க நிழல் அசைஞ்சா, மைக்ரோஸ்கோப்புக்கு இடம் பிடிக்க வந்த ஆளா இருக்கும்.”

“பயங்கரமா எதுவுமே நடக்காதா?”

“பூஞ்சை வரும்.”

இரண்டாம் தொடக்கம்: மூக்கு அரித்தது. கையில் உறை. சொறிந்தால் உறையை மாற்ற வேண்டும். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு, அக்காவின் செல்களுக்குச் சாப்பாடு ஊற்றினாள்.

இதுவே இருக்கட்டும்.

3.

அக்காவின் முன்கையிலிருந்து மிளகளவு தோல் எடுத்து, உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் குப்பிகளில் வளர்த்தார்கள். உடம்புச் சூட்டிலேயே வைத்த பெட்டி. இரண்டு நாளுக்கொருமுறை சிவப்பு நிறத்தில் சத்து நீர். சொந்த அக்கா என்று தெரிந்தேதான் கூடத்துத் தலைமை விஞ்ஞானியம்மா அனுமதித்தார். “பாசத்தைக் கதவுக்கு வெளியில கழட்டி வெச்சுட்டு வா” என்று மட்டும் சொன்னாராம். செருப்பு மாதிரி.

நோய் என்னவென்று தங்கை எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னாள். “தசையைத் தாங்கற ஒரு புரதம் இருக்கு. தோல்லயும் கொஞ்சம் இருக்கும். அதைச் செய்யற குறிப்பு அக்காவோட மரபணுவுல இருக்கு. ஆனா உங்க தொடர்கதைல பாதி அத்தியாயத்துல தப்பா ‘முற்றும்’னு அச்சாகிட்டா எப்படி, அப்படி. செல் அதைப் பார்த்துட்டு வேலையை நிறுத்திடுது. நாங்க தேடற மருந்து, அந்த ‘முற்றும்’ மேல கண்ணை மூடிக்கிட்டுத் தாண்டிப் போக வைக்கணும்.”

இத்தனை வருஷத்தில் என் தொழிலை யாரும் இவ்வளவு மரியாதையாகப் பயன்படுத்தியதில்லை.

குப்பியிலிருந்து கொஞ்சம் செல் எடுத்துச் சோதித்தால், புரதம் இருக்கிறபோது திரையில் கறுப்பாக ஒரு கோடு விழும். அக்காவின் செல்களுக்கு அந்த இடம் எப்போதும் வெறுமை. அன்று மருந்து போட்ட குப்பியில் மட்டும் கோடு விழுந்தது. தடிமனான கோடு. தங்கை மூன்று தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு, கழற்றி வைத்ததை மாட்டிக்கொண்டு, அக்காவுக்குப் போன் செய்தாள்.

அக்கா மறுநாளே, சக்கர நாற்காலிக்கு அளவெடுக்க வரவிருந்தவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

(சொன்னேன். அதை எழுதணுமா?)

எழுத வேண்டும்.

4.

இங்கே ஒட்டகத்தை அறிமுகப்படுத்துகிறேன். பக்கத்து மேசை ஆராய்ச்சியாளர். கழுத்து நீளம், நடை நிதானம்; கூடத்தில் எல்லோரும் வைத்த பெயர். நோயில்லாத செல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தன் கையிலிருந்தே தோல் கொடுத்த மனிதர். தொடர்கதையென்றால் இவர்தான் சதிகாரர். நான்கு பக்கம் அப்படியே எழுதியும் பார்த்தேன். ஆள் ஒத்துழைக்கவில்லை, தங்கை சாப்பிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிழித்துவிட்டேன்.

இந்தக் கோட்டைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்புமுன், குப்பியில் இருப்பது யாருடைய செல் என்று சோதிப்பது அங்கே வழக்கம். வெறும் சடங்கு என்று தங்கை நினைத்திருந்தாள். முடிவு வந்தது: மருந்து போட்ட குப்பியில் இருப்பது ஓர் ஆணின் செல்.

ஒருவருடைய செல்களுக்கு ஒரு போத்தல் சத்து நீர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றக்கூடாது. இது அங்கே சேர்ந்த முதல் நாள் பாடம். ஒரு நாள் மருந்துக் குப்பிக்கு ஊற்றும்போது அக்காவின் போத்தலில் ஒரு வாய் குறைந்தது. தங்கை ஒட்டகத்தின் போத்தலிலிருந்து சாய்த்துக்கொண்டாள். ஒரே தடவை. அந்த ஒரு வாயில் அவருடைய செல்கள் சில மிதந்திருக்கின்றன. அவை மளமளவென்று பெருகின. அக்காவுடையவை ஒதுங்கி ஒதுங்கி, இல்லாமலே போயின.

அந்தக் கோடு மருந்தின் வேலையே அல்ல; ஒட்டகத்தின் செல்லில் இயல்பாகவே இருந்த புரதம்.

5.

சமையலறை. தங்கை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள்.

“இரு. அப்போ இத்தனை நாளா நீ வேளாவேளைக்குச் சோறு ஊட்டினது ஒட்டகத்துக்கா?”

“ஆமாக்கா.”

“நல்லா வளர்ந்துச்சா?”

“சிரிக்காத அக்கா. உன்கிட்ட நான் அப்பவே சொல்லியிருக்கக்கூடாது.”

“கூடாதுதான்.” அக்கா கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். “மூணு வாரம் நல்லாத் தூங்கினேன்டீ. அது பொய்யில்லையே.”

அப்போதுதான் தங்கை அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். “நீங்க எழுதினது போதும். அந்த நாற்காலிக்காரருக்குப் போன் போடுங்க.” பிறகு தங்கையிடம், சட்டைக் கையைச் சுருட்டி, இன்னொரு முன்கையைக் காட்டினாள். “இதுல எடு.”

6.

இரண்டாவது சுற்று. இந்த முறை குப்பிகளில் ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் ஒட்டியிருக்கிறது. ஒன்றில் மருந்து, மற்றொன்றில் மருந்தில்லாத கரைசல். எது எதுவென்று ஒட்டகத்துக்கு மட்டும் தெரியும். எழுதிப் பூட்டி வைத்திருக்கிறார். தங்கையிடம் முகத்தில்கூடக் காட்டிக்கொள்ளக் கூடாதென்று ஒரு மாதமாகச் சுவரைப் பார்த்துப் பேசுகிறாராம். செல்களையும் சோதித்தாயிற்று. இரண்டிலும் அக்காதான்.

நேற்று ‘ஆ’வில் ஒரு கோடு விழுந்தது. மெல்லிய, மயிரிழைக் கோடு. இவ்வளவு மெல்லியது வெறும் கறையாகவும் இருக்கலாமாம்.

முடிவு ஒன்று: ‘ஆ’தான் மருந்து. *அக்கா மாடிப்படிகளில் ஓடி*

(அடிங்க இதை. போன தசை திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்தலாம்னு அவ நூறு தடவை சொல்லிட்டா. நான் எங்க ஓடறேன்?)

முடிவு இரண்டு: ‘ஆ’ வெறும் கரைசல். *தங்கை வெள்ளைக் கோட்டைக் கழற்றி*

(கழட்ட மாட்டா. என் தங்கச்சியை உங்களுக்குத் தெரியாது.)

வியாழன் காலை பதினொரு மணிக்கு அந்தத் தாளைப் பிரிக்கிறார்கள். பத்திரிகைக்குக் கதை போக வேண்டியது புதன். ஆசிரியரிடம் ஒரு நாள் தள்ளிக் கேட்கலாம். கேட்கவில்லை. தெரிந்துவிட்டால் எனக்குப் பிடித்த மாதிரித் திருத்தி எழுதிவிடுவேன் என்று பயம்.

நீங்கள் படிக்கும்போது வியாழன் கடந்திருக்கும். எங்கள் வீட்டுக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரியாது. ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் எழுதினாலும் ஒரு வரி மாறாது. அதை மட்டும் தந்துவிடுகிறேன். இன்று காலை அக்கா போனில் தங்கையிடம் சொன்னது:

“எதுவா இருந்தாலும் போன்ல சொல்லாத. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட இங்க வந்துடு. அந்த ஒட்டகத்தையும் கூட்டிட்டு வா.”